எர்த் கொடுத்த கை

அத்தியாயம் 14

அடுப்பு விஷயத்தை ரென்ஸோவிடம் யார் போட்டுக்கொடுத்தது என்று கேட்டே போன வாரம் என்னைத் துளைத்துவிட்டீர்கள். யாராயிருந்தால் என்ன? எங்கள் கெனோஷாவில், அதுவும் ஏரிப்பக்கத் தெருக்களில், ஒரு வீட்டில் தக்காளிக் குழம்பு அடிப்பிடித்தால் நாலு வீட்டுக்குத் தெரியும். விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

புதிதாக வந்தவர்கள் முழிக்க வேண்டாம் என்பதற்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுன்சியோ வாழ்நாள் முழுக்க கார் மெக்கானிக்காக இருந்தவர். மனைவி கார்மெலா காலமான பிறகு மறதி வந்து ஒட்டிக்கொண்டது. மகள் ஒட்டாவியா, டாவியா என்றால்தான் ஊருக்குத் தெரியும், மின்சாரக் கம்பெனியில் கம்பம் ஏறுகிறவள். கல்யாணம், விவாகரத்து எல்லாவற்றையும் முதல் நாலு அத்தியாயத்திலேயே முடித்துவிட்டு, அப்பாவைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். அண்ணன் ரென்ஸோ, சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியர். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே ஓர் அறை காலியாகியிருக்கிறது.

அப்பா அடுப்பை எரியவிட்டுத் தூங்கிப்போனார் என்று கேள்விப்பட்டதும் ரென்ஸோ போனில் கத்தினான். டாவியா பதிலுக்குக் கத்தினாள். கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சனிக்கிழமை ரென்ஸோ வருவான். காரேஜில் அப்பாவும் மகளும் சேர்ந்து பேட்டரியில் ஓட வைத்துக்கொண்டிருக்கிற பழைய ரேம்ப்ளர் ஸ்டேஷன் வேகனைப் பார்ப்பான். அப்பா செய்த வேலை ஒழுங்காக, ஆபத்தில்லாமல் இருந்தால், இல்லம் என்ற வார்த்தையையே இனி எடுக்கமாட்டான். இல்லையென்றால் அப்பா அவனோடு போக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமைதான் இன்று.

மார்ச் மாதம். பனி உருகவும் இல்லை, இருக்கவும் இல்லை, கறுத்துப்போய் நடைபாதை ஓரமாகக் குவிந்து கிடந்தது. ஏரியிலிருந்து ஈரக்காற்று. இந்த ஊரில் இந்த மாதத்தில் சிரிக்கிறவனைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

நுன்சியோ அன்றைக்கு யாரும் சொல்லாமலே சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தார். டாவியா முட்டையும் பச்சை மிளகாயும் வதக்கி ரொட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரென்ஸோ எப்ப வரான்?"

"பதினோரு மணிக்குப்பா."

"வாத்தியார் வரார். பிரம்பு கொண்டு வராரா?"

"அவன் பிரம்பெல்லாம் எடுக்க மாட்டான். மூக்குக்கண்ணாடிய இறக்கிவிட்டுப் பாப்பான். அதுவே போதும்."

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். ரொட்டியைக் கடித்தார், மென்றார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"ரென்ஸோ எப்ப வரான்?"

"பதினோரு மணிக்குப்பா," என்றாள் டாவியா, முதல் தடவை சொல்கிற மாதிரியே. அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். போன வாரம் பனிப்புயலில் கம்பிகள் அறுந்து பாதி ஊர் இருட்டில் கிடந்தது. இவள் இரவு பகலாகக் கம்பத்தின் மேல் தொங்கிவிட்டு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆனாலும் குரல் உயரவில்லை.

இரண்டு பேரும் காரேஜுக்குப் போனார்கள்.

ரேம்ப்ளரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார்மெலா ஓட்டின கார் அது. எந்த வருடமோ குளிரில் இன்ஜின் விரிசல் விட்டுப்போய், காயலான் கடைக்குப் போகவேண்டியதுதான் என்று கிடந்தது. இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு மோட்டார் வைத்தால் என்ன என்று கேட்டவள் டாவியா. "கார்ல மோட்டாரா? அதுக்குப் பேரு துணி துவைக்கிற மெஷின்," என்று முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்ட நுன்சியோ, பத்தாம் நாள் தானாகவே காரேஜுக்கு வந்து நின்றார். மோட்டாரையும் பழைய கியர் பெட்டியையும் சேர்க்கிற அலுமினியத் தகடு முழுக்க அவர் கைவேலை. கடைந்து, அரத்தால் ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடி ராவி, ஓர் ஆட்டம் அசைவு இல்லாமல் உட்கார வைத்தார். வேலை செய்கிற நேரத்தில் அவருக்கு எதுவும் மறக்காது. கையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குள் வந்த பிறகுதான் எந்தக் கதவு குளியலறை என்று தேடுவார்.

வண்டியின் பின்பக்கம், சாமான் வைக்கிற இடத்தில், பேட்டரிப் பெட்டி. அடிபட்ட ஒரு மின்சாரக் காரிலிருந்து எடுத்தது. முந்நூறு வோல்ட்டுக்கும் மேலே. நடுவில் கையால் பிடுங்கக்கூடிய ஒரு பெரிய செருகி. அதைப் பிடுங்கிவிட்டால் பேட்டரி இரண்டு பாதியாகப் பிரிந்துவிடும். பாதி என்றாலும் ஆளைத் தூக்கிப்போடும்.

இதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காரில் பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் உடம்போடு சேர்த்து முடுக்குவார்கள். பாடி எர்த் என்பார்கள். அது இல்லாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. மெக்கானிக்குக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. இந்தப் பெரிய பேட்டரிக்கு அது கூடவே கூடாது. அதன் எந்த முனையும் வண்டியின் உடம்பில் படக்கூடாது. பட்டால் அந்த நிமிடம் ஒன்றும் ஆகாது. சத்தம் வராது, பொறி பறக்காது. யாராவது ஒரு கையை வண்டியின் மேல் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அடுத்த முனையைத் தொட்டால், அப்போது தெரியும்.

டாவியா இதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். நுன்சியோவும் ஒவ்வொரு தடவையும், "தெரியும்மா, தெரியும், இது தனியா நிக்கணும்," என்று தலையாட்டியிருக்கிறார்.

அன்று காலை செருகி பிடுங்கியே இருந்தது. அவள் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மீட்டர் வைத்துப் பார்த்தாள். வண்டியின் உடம்புக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. சுத்தம்.

"பாத்தீங்களா? அப்படியே தங்கம்."

"அப்ப செருகு. ஓட்டிப் பாத்துடலாம்."

"அவன் வரட்டும்பா. அவன் கண்ணு முன்னாடி நீங்களே ஓட்டுங்க."

அப்போதுதான் நுன்சியோ, "வீட்ல நல்ல ரொட்டி இருக்கா? அவனுக்கு அந்த முரட்டு ரொட்டிதான் பிடிக்கும்," என்றார். இல்லை. கடை இரண்டு தெரு தள்ளி. டாவியா தயங்கினாள். ஐயோ, தயங்கினவள் தயங்கினபடியே நின்றிருக்கக்கூடாதா?

"உள்ள வந்து உக்காருங்க. நான் ஓடிட்டு வந்துடறேன்."

"நான் என்ன கைக்குழந்தையா? கொஞ்சம் கூட்டிப் பெருக்கி வைக்கிறேன். வாத்தியார் குப்பைய பாத்தா மார்க்கு குறைப்பான்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பெட்டியின் மூடியை மூடிவிட்டு அவள் போனாள்.

நுன்சியோ கூட்டினார். கருவிகளைத் துடைத்து அதனதன் ஆணியில் மாட்டினார். பிறகு, எந்த வேலையையும் முடித்த மெக்கானிக் செய்கிற மாதிரி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்கதவைத் திறந்து, பெட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

எர்த் எங்கே?

அந்த நேரத்தில் அவருக்குள் என்ன ஓடியது என்று நான் சொன்னால் அது புளுகு. டாவியா சொன்னதெல்லாம் எங்கோ போய்விட்டது. கை மட்டும் இருந்தது. வாழ்நாள் முழுக்க, ஆயிரக்கணக்கான வண்டிகளில், விட்டுப்போன எர்த்தைக் கண்டுபிடித்து முடுக்கின கை. டப்பாவிலிருந்து செம்புக் கம்பியால் பின்னின பட்டை ஒன்றை எடுத்தது. வண்டியின் சட்டத்தில் ஓர் இடம் பார்த்து, பெயிண்டை வட்டமாகச் சுரண்டி, இரும்பைப் பளபளவென்று ஆக்கியது. வாஷர் போட்டு, போல்ட் போட்டு முடுக்கியது. மறுமுனையைப் பேட்டரியின் கடைசி முனையில் மாட்டி முடுக்கியது. இழுத்துப் பார்த்தது. அசையவில்லை.

மூடியை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்ததும் எல்லாம் போய்விட்டது.

டாவியா திரும்பி வரும்போது வாசலில் ரென்ஸோவின் கார் நின்றிருந்தது. அவன் காருக்குப் பக்கத்தில் குளிரில் நின்றுகொண்டு, ரஸீன் பேக்கரியில் வாங்கின க்ரிங்கிள் என்ற இனிப்பு ரொட்டிப் பெட்டியை ஏந்திக்கொண்டிருந்தான். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்திருந்தான்.

"வந்து எவ்வளவு நேரமாச்சு? உள்ள போக வேண்டியதுதானே?"

"இப்பதான்," என்றான் ரென்ஸோ. "நீ என்ன, பாதியா இளைச்சுட்டே?"

"நீதான் மீதியெல்லாம் எடுத்துக்கிட்டியே. தொப்பைய பாரு."

ரென்ஸோ சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தான்.

மகனைக் கண்டதும் நுன்சியோ கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். "வாடா ரென்ஸோ, வாத்தியாரே! கை கட்டிக்கிட்டு நில்லு. பரீட்சை உனக்கில்ல, எனக்கு." பெயர் தடுமாறவில்லை. அந்த அலுமினியத் தகட்டைக் காட்டி, எந்தெந்த இடத்தில் எவ்வளவு ராவினார் என்று விலாவாரியாகச் சொன்னார். ரென்ஸோ கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதை டாவியா ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்பா ஜெயித்துக்கொண்டிருக்கிறார்! இன்னும் கொஞ்சம்தான். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தால் போதும்.

"சரி, செருகி போட்டுடலாமா?" என்றார் நுன்சியோ.

"இருங்கப்பா. ஒரு தடவை மீட்டர் வச்சுடறேன்."

"காலையிலதான் வச்சியே?"

"நான் வெளிய போயிட்டு வந்தேன்ல. விட்டுட்டுப் போனா திரும்ப வைக்கணும்."

அது அவள் வேலையில் படித்த பாடம். இடத்தை விட்டு நகர்ந்தால், திரும்பி வந்து முதலில் அளக்க வேண்டும். ஐந்து நிமிடம் போனாலும் சரி. அப்பா மேல் சந்தேகமெல்லாம் இல்லை.

கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் தூக்கினாள். ரென்ஸோ பின்கதவு விளிம்பில் இடதுகையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான். "இந்தப் பெட்டியா அவ்வளவு பெரிய வண்டிய இழுக்குது?" என்று வலதுகையை நீட்டினான்.

மீட்டர் நூற்றெழுபது வோல்ட் காட்டியது. பாதிப் பேட்டரி.

"கையை எடுடா!"

அண்ணனை அவள் டா போட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. ரென்ஸோ பின்னால் துள்ளி விழாத குறையாக நகர்ந்தான்.

"என்ன? என்ன ஆச்சு?"

அவள் குனிந்து பார்த்தாள். பின்னல் பட்டை. பளபளவென்று வட்டமாகச் சுரண்டின இரும்பு. இந்த ஊரில் வேறு யாரும் அவ்வளவு அழகாகச் சுரண்டமாட்டார்கள்.

"இதுல எர்த் குடுத்திருக்கு," என்றாள் மெதுவாக. "நீ அந்தப் பக்கம் தொட்டிருந்தா செத்திருப்பே."

ரென்ஸோ வெளுத்துப்போனான். அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நுன்சியோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். பார்த்தார். அவருக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

"எந்த முட்டாள் இதைக் கட்டினது? இது தனியா நிக்கணும்னு தெரியாதா? பாடியில இதைக் கட்டினா ஆளு அவுட்டு! யாரு, யாரு வந்தா இங்க?"

நிஜமான கோபம். நடிப்பு இல்லை. அந்தப் பேட்டரி விதி அவருக்கு இப்போது முழுசாக ஞாபகம் இருந்தது. கட்டினதுதான் ஞாபகம் இல்லை.

டாவியா அப்பாவைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா போய்விடுவார். அது மட்டுமில்லை. வீட்டுக்கதவு தெரியாமல் திண்டாடுகிற மனிதருக்கு மிச்சமிருந்தது இந்தக் கை ஒன்றுதான். பெற்ற மகனைக் கொல்லப் பார்த்தது அந்தக் கை என்று அவரிடம் யார் சொல்வது?

"நான்தான்பா," என்றாள்.

"நீயா?"

"காலையில மீட்டர் வச்சப்புறம். ஏதோ ஞாபகத்துல கட்டிட்டேன் போலிருக்கு. புயல் வேலை முடிஞ்சு வந்த அசதி. கவனிக்கல."

நுன்சியோ மகளையே பார்த்தார். கோபம் இறங்கி, அந்த இடத்தில் வேறொன்று வந்தது. அது பயம் என்று டாவியாவுக்கு அப்போது புரியவில்லை.

"நேத்து வேலைக்குப் புதுசா சேந்தவன்கூட இதைப் பண்ண மாட்டான், டாவியா."

"தெரியும்பா."

"நீ கம்பத்து மேல ஏறுற பொண்ணு."

"தெரியும்பா. தப்புதான்."

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உங்க வேலையில ஒருத்தன் இப்படிப் பண்ணினா என்ன பண்ணுவாங்க?"

டாவியா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். கம்பம் ஏறுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தப்புப் பண்ணினவன் அந்த இடத்திலேயே, எல்லார் முன்னாலும், நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். சொன்னவனை யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் கருவியை இறக்கி வைத்துவிட்டு அவன் வீட்டுக்குப் போயாக வேண்டும். எதனால் கவனம் போயிற்றோ அது சரியாகிற வரைக்கும் கம்பத்தின் பக்கமே வரக்கூடாது. இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் பெருமையாக அப்பாவிடம் சொன்னவளும் அவள்தான்.

"வீட்டுக்கு அனுப்பிடுவாங்க," என்றாள்.

"எதுக்கு?"

"ஓய்வெடுக்க."

"உனக்கு வீட்ல ஓய்வு இருக்கா?"

டாவியா மீட்டரின் வயரைச் சுற்றிவைத்தாள்.

"ராத்திரி நான் எழுந்து நடக்கறேன். நீ எழுந்து வந்து படுக்க வைக்கிறே. நான் கேட்டதையே கேக்கறேன். அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? உன் மூஞ்சியப் பாத்தா தெரியும், ரெண்டாந்தடவை கேட்டுட்டேன்னு." அவர் எழுந்து நின்றார். "ரென்ஸோ, அந்த அறை இன்னும் இருக்கா?"

"இருக்குப்பா," என்றான் ரென்ஸோ.

"இன்னிக்கே வரேன்."

"அப்பா, வேண்டாம்பா," டாவியா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "ஒரே ஒரு தடவை நடந்த தப்பு. இனிமே நடக்காது."

"உங்க அம்மாவ நான் பறிகொடுத்தேன். அது கடவுள் பண்ணினது. உன்னைப் பறிகொடுத்தா அது நான் பண்ணினதா ஆயிடும். விடு கையை."

விட்டாள். அவர் வீட்டுக்குள் போனார். அன்றைக்கென்று பார்த்து, சரியான கதவைத் திறந்துகொண்டு போனார்.

அண்ணனும் தங்கையும் காரேஜில் நின்றார்கள். டாவியா கையுறையைக் கழற்றாமலே பட்டையை அவிழ்த்தாள். போல்ட் லேசில் வரவில்லை. அப்பா முடுக்கினது அப்படி.

"நான் பாத்தேன்," என்றான் ரென்ஸோ.

"எதை?"

"வந்ததும் காரேஜ் ஜன்னல் வழியா பாத்தேன். அவரு தனியா இருந்தாரு. எப்படி வேலை செய்யறாருன்னு பாக்கணும்னு நின்னேன். இதைத்தான் முடுக்கிக்கிட்டிருந்தாரு. அப்ப எனக்கு அது என்னன்னு தெரியல. எவ்வளவு நிதானமா பண்றாருன்னு பாத்துட்டு, சரி, இவரு இங்கயே இருக்கட்டும்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்."

டாவியாவின் கை நின்றது.

"அப்புறம் நான்தான்னு நான் சொன்னப்ப, நீ ஏன் வாயத் திறக்கல?"

"நீ ஏன் பொய் சொன்னே?"

"அவரு உடைஞ்சு போயிடுவாரு."

"நானும் அதுக்குத்தான்."

"இல்ல. நீ ஜெயிக்கறதுக்கு."

ரென்ஸோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் அவன் கட்சி இல்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: அந்த ஆளும் கல்லால் செய்தவன் இல்லை.

"ஜெயிச்சு என்னத்த வாரிக்கிட்டேன்? இழுத்துக்கிட்டுப் போகணும்னு நினைச்சேன், அவரே வரேங்கறாரு. அழாம, சண்டை போடாம, தலைய நிமித்திக்கிட்டு வரேங்கறாரு. உனக்காக வராரு, டாவியா. இப்ப உள்ள போயி உண்மையச் சொல்லு. நான் தடுக்கல. சொன்னா மட்டும் அவரு இங்க இருந்துடுவாரா?"

சொன்னாலும் போவார். சொல்லாவிட்டாலும் போவார். சொன்னால் குனிந்துகொண்டு போவார், சொல்லாவிட்டால் நிமிர்ந்துகொண்டு போவார். அவ்வளவுதான் வித்தியாசம். டாவியா அதை ஒரு நொடியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். பட்டையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் எறிந்தாள்.

"அவருக்கு ராத்திரி கால் சில்லுனு ஆயிடும்," என்றாள். "ரெண்டு ஜோடி சாக்ஸ் போடணும். மாத்திரைய குடுத்துட்டு வாயத் திறந்து பாக்கணும், கன்னத்துல ஒதுக்கிடுவாரு. அங்க இருக்கறவங்ககிட்ட சொல்லு."

"சொல்றேன்."

"கேட்டதையே கேட்டா முதல் தடவை கேக்கற மாதிரி பதில் சொல்லணும்."

"சொல்றேன்மா."

சாமான்கள் ஒரே பெட்டியில் அடங்கிவிட்டன. ரென்ஸோ கொண்டுவந்த க்ரிங்கிளை யாரும் பிரிக்கவில்லை. டாவியா வாங்கின ரொட்டியைத் தாளோடு எடுத்து அப்பாவின் மடியில் வைத்தாள். சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் போகிற நேரத்தில் இவள் முகம் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் அவளுக்குக் கவலை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்பா."

நுன்சியோ தலையாட்டினார். கார்க் கதவைச் சாத்தப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்தினார். பிடி இறுக்கமாக இருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"டாவியா, நிஜத்தச் சொல்லு. காலையில அதைக் கட்டினது உனக்கு ஞாபகமே இல்லையா? இல்ல, கட்டும்போது தெரிஞ்சுதா?"

"அப்பா…"

"எனக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது. கை பாட்டுக்கு ஏதோ பண்ணிடும். அப்புறம் யாரு பண்ணினதுன்னு கேட்டா தெரியாது. இது ரத்தத்துல வரும்னு அந்த டாக்டர் சொன்னாரு. நான் உங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லல." "எங்கிட்டேருந்து உனக்கு வந்துடுச்சா? இந்த வயசுலயா? ஐயோ, என் குழந்தைக்கா குடுத்துட்டேன் இதை?"

அப்பாவின் கை அவள் மணிக்கட்டை விடவில்லை. அவர் அழுதுகொண்டே அவள் முகத்தைப் பார்த்தபடி, பதிலுக்காகக் காத்திருந்தார்.

ரென்ஸோ சாவியைத் திருப்பவில்லை. தங்கை என்ன சொல்லப் போகிறாள் என்று அவனும் காத்திருந்தான்.